சக்கரத்துக்குப் பின்னால் நாலு எலுமிச்சம்பழம்

எங்கள் அக்காவின் டிராக்டரில் டிரைவர் சீட்டு கிடையாது. அந்த இடத்தில் ஒரு ஆபீஸ் நாற்காலி இருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ ஒரு கம்பெனி இடம் மாறியபோது வெளியே தூக்கிப் போட்டது. முதுகுக்கு மெத்தை, கைக்கு மெத்தை, பக்கத்தில் ஒரு லீவர். இழுத்தால் புஸ்ஸென்று கீழே இறங்கும். அடியில் இருந்த உருளைகளைப் பிடுங்கிவிட்டு நாலு போல்ட் போட்டு டிராக்டரில் முடுக்கியவன் நான்தான். ஒரே ஒரு குறை. நாற்காலி சுற்றும். அதைச் சுற்றாமல் நிறுத்த என்னென்னவோ செய்து பார்த்தேன், முடியவில்லை. "நான் வண்டி ஓட்டணுமா, ராட்டினம் ஆடணுமா?" என்று அக்கா கேட்டாள். "ரெண்டும் ஒரே டிக்கெட்டுல" என்றேன். ஸ்பேனர் பறந்து வந்தது. குனிந்துகொண்டேன்.

நான் மர்பி டவுன்காரன். ஒன்பதாம் வகுப்பில் ரெண்டு வருஷம் உட்கார்ந்தேன். மூன்றாவது வருஷமும் அதே பெஞ்சைக் காட்டினார்கள். பெஞ்சு பாவம் என்று எழுந்து வந்துவிட்டேன். இப்போது ஒரு டூவீலர் கடையில் வேலை. கை பாதி நேரம்தான் வேலை செய்யும், வாய் முழு நேரமும் செய்யும் என்று முதலாளி சொல்வார். அவர் சொல்வதில் தப்பில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயசு பெரியவள். கார்மென்ட்ஸில் எட்டு வருஷம் சட்டை காலர் தைத்தாள். காலர் மட்டும்தான். ஒரு முழுச் சட்டையை அவள் தைத்ததே இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் குடியிருந்த ரூமுக்கு எதிரே தண்ணீர் டேங்கர் ஓட்டும் ஒரு டிராக்டர் நிற்கும். ஒரு கோடையில் அதன் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். ஓனர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அக்கா போய், "நான் ஓட்டுறேன்" என்றாளாம். எப்போது கற்றாய் என்று கேட்டால், "ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன்" என்பாள். ரெண்டு வருஷம் அந்த டிராக்டரை அவள்தான் ஓட்டினாள். தண்ணீர் லாரி கூட நுழையாத சந்துகளில் டேங்கைப் பின்பக்கமாகவே கொண்டுபோய் விடுவாள்.

பிறகு ஓனர் டிராக்டரை விற்றுவிட்டார். அக்கா மறுபடியும் ஜன்னலுக்கு வந்தாள்.

அந்த நேரத்தில்தான் அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அபார்ட்மென்டிலிருந்து போன் வந்தது. கோடை முழுக்க ஒரே டேங்கரை வைத்துக்கொள்ளப் போகிறார்கள். ரெண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சொந்த வண்டியோடு வந்து ஒரு லோடு இறக்கிக் காட்ட வேண்டும். போட்டிக்கு இன்னொருவனும் வருகிறான். கிடைத்தால் அக்கா சொந்த வண்டிக்காரி. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கார்மென்ட்ஸ். சூப்பர்வைசரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். பழைய ஐடி கார்டைத் துடைத்துக் கைப்பைக்குள் போட்டிருந்தாள்.

சொந்த வண்டிக்கு எங்கே போவது? அத்திபெலேக்கு இந்தப் பக்கம் ஒரு விவசாயி இருந்தார். ராகி விளைந்த நிலத்தை லேஅவுட்டுக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே வீடு கட்டியவர். வீடு கட்டத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியது அக்கா. அவருடைய பழைய டிராக்டர் ஒரு புங்க மரத்தடியில் பல வருஷமாகத் துருப்பிடித்து நின்றது. அந்த இடத்திலும் சைட்டு பிரிக்கக் கல் நட வேண்டியிருந்தது. "எடுத்துக்கிட்டு ஹோகம்மா, எனக்கு இடம் காலியானா போதும்" என்று கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"டேய், உனக்கு டிராக்டர் ரிப்பேரு தெரியுமா?"

"ரெண்டு சக்கரம் எனக்கு அத்துப்படி. இதுல இன்னும் ரெண்டு சேர்த்தி. அவ்ளோதானே?"

"வெளாடாதடா."

"வெளாடலக்கா."

அப்போது நான் விளையாடிக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் வண்டியை நேரில் பார்த்ததும் விளையாட்டு நின்றுவிட்டது. சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. டீசல் டேங்கைத் திறந்தால் உள்ளே முக்கால் டேங்க் கூழாங்கல். அந்த ஏரியாப் பிள்ளைகள் பல வருஷமாகக் குறி பார்த்துப் போட்டிருக்கிறார்கள். ஸ்டீயரிங் இருந்த இடத்தில் ஒரு கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் மூன்று வாரம் லீவு கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக அவர் எனக்கு எதையும் கொடுத்ததில்லை.

ஹைவே ஓரத்தில் ஒரு குஜிரிக் கடை இருந்தது. பழைய இரும்புக் கடையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். அவருடைய மலையிலிருந்துதான் எங்கள் டிராக்டர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. ஸ்டீயரிங் ஒரு செத்துப்போன பஸ்ஸுடையது. ஹெட்லைட் ரெண்டும் ஆட்டோவுடையவை. சைலன்சர் எதுவுடையது என்று பாய்க்கே தெரியவில்லை. தண்ணீர் டேங்க் மட்டும் அக்காவின் பழைய ஓனரிடம் வாடகைக்கு எடுத்தது. ஒரு கம்பெனி வேனிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப் என்று கத்தும் ஒரு டப்பாவையும் கழற்றி எடுத்தேன். ரிவர்ஸ் கியர் போட்டால் தானாகக் கத்துகிற மாதிரி ஒயர் இழுத்து மாட்டியும் விட்டேன். பழைய டிராக்டரில் அப்படி ஒரு வசதியைச் செய்த முதல் மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன்.

என்ஜின் ஒன்பதாவது நாள் இருமியது. பத்தாவது நாள் பேசியது. அக்கா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள்.

மிச்சம் இருந்தது பின் ஆக்சில். டிராக்டருக்கு இடுப்பு மாதிரி ஒரு பெரிய இரும்புப் பெட்டி பின்னால் இருக்கும். என்ஜினின் சுற்றலை வாங்கி ரெண்டு பெரிய சக்கரங்களுக்கும் கொடுப்பது அதுதான். எங்களுடையதில் தண்ணீர் புகுந்து உள்ளே பல்லெல்லாம் கொட்டிவிட்டிருந்தது. பாயிடம் ஓடினேன்.

"இருக்கு" என்றார் பாய். "கல்லு யார்டுல ஓடின வண்டி. கிரானைட் பலகைய ஃபோர்க்குல தூக்கிட்டு ஓடும். சாமான் ஸ்பெஷலு. உள்ள பிரிக்கவே நக்கோ, அப்படியே மாட்டு."

எனக்கும் அதுதான் வேண்டும். பிரிக்காமல் மாட்டுவதென்றால் பாதி வேலை மிச்சம். செயின் பிளாக் போட்டுத் தூக்கி, ஒரே மத்தியானத்தில் மாட்டிவிட்டேன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கியர் போட்டுப் பார்த்தேன். சக்கரம் ஜோராகச் சுற்றியது. கை தட்டினேன். சக்கரம் சுற்றுகிறதா என்றுதான் யாரும் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றா பார்ப்பார்கள்?

ஒரு தடவை தரையில் இறக்கி ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் மர்பி டவுனிலிருந்து அம்மா போனிலேயே கட்டளை போட்டுவிட்டாள். "பூஜ போடாம ஒரு அடி நகத்தக் கூடாது. மொத மொத நகரும்போது எலுமிச்சம்பழம் நசுங்கணும். அதுக்கு முன்னாடி ஓட்டிப் பாத்தீங்கன்னா, அப்புறம் எதுக்குப் பூஜ?" அக்காவும் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். என் வேலைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூஜை. அம்மா பஸ் பிடித்துப் பூசணிக்காய், கற்பூரம், எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினாள். விவசாயி பட்டு வேட்டி கட்டியிருந்தார். மர நிழல் டிராக்டருக்குப் பின்பக்கம் விழுந்ததால் பிளாஸ்டிக் நாற்காலிகளை அங்கே போட்டிருந்தோம். ஒரு நாற்காலியில் சர்க்கரைப் பொங்கல் குண்டான் உட்கார்ந்திருந்தது. நாலு சக்கரங்களுக்கும் முன்னால் அம்மா நாலு பழம் வைத்தாள். அக்கா நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கும்பிட்டு, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டாள்.

டிராக்டர் பின்னால் போனது.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடியதை நான் அதற்கு முன் கல்யாணப் பந்தியில்தான் பார்த்திருக்கிறேன். ரெண்டு நாற்காலி அப்பளமாகிவிட்டது. பொங்கலை விவசாயி காப்பாற்றிவிட்டார். அக்கா பிரேக் பிடித்தாள், கியரைக் குனிந்து பார்த்தாள், செகண்ட் போட்டாள். டிராக்டர் இன்னும் வேகமாகப் பின்னால் போனது. முன்னால் வைத்த நாலு பழமும் வைத்த இடத்தில் பளபளவென்று இருந்தன.

"ஐயோ, யாரு கண்ணு பட்டுச்சோ!" என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. பழத்த எடுத்துப் பின்னாடி வையி, எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே சிரிப்பு வரவில்லை.

பாய்க்குப் போன் போட்டேன். "பாய், வண்டி பின்னாடி போகுது!"

"ரிவர்ஸ் போட்டிருப்ப, பாரு."

"ஃபர்ஸ்டு பாய், ஃபர்ஸ்டு போட்டா பின்னாடி போகுது!"

பாய் சிரிக்க ஆரம்பித்தார். "அரே, அது கல்லு யார்டு வண்டி இல்ல? ஃபோர்க்கு பின்பக்கம் இருக்கும். டிரைவரு திரும்பி உக்காந்து ஓட்டுவான். அதுக்குன்னு உள்ள இருக்கிற பெரிய பல்சக்கரத்த திருப்பிப் போட்டிருப்பாங்க. நான்தான் சொன்னேனே, ஸ்பெஷலுன்னு!"

"அத மறுபடி திருப்ப எவ்ளோ நேரமாகும்?"

"ரெண்டு நாளு. நல்ல மெக்கானிக்கா இருந்தா."

கடைசி வார்த்தையை அவர் வேண்டுமென்றேதான் சொன்னார்.

நடந்ததை அக்காவிடம் சொன்னேன். அவள் இறங்கிப் போய்ப் புங்க மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து அந்த ஐடி கார்டை எடுத்து, "நாளைக்கு எட்டு மணி ஷிஃப்ட்டு" என்றாள் அம்மாவிடம். என்னிடம் இல்லை. நசுங்காத நாலு பழங்களையும் பொறுக்கி என் பேன்ட் பாக்கெட்டுகளில் போட்டுக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ, திடீரென்று எழுந்தாள். விறுவிறுவென்று வந்து ஏறினாள். ரிவர்ஸ் கியர் போட்டாள். டிராக்டர் பீப் பீப் என்று கத்திக்கொண்டே முன்னால் போனது. நிறுத்தினாள். கியருக்குப் பக்கத்திலிருந்த சின்ன லீவரைத் தள்ளி, மறுபடியும் போட்டாள். கொஞ்சம் வேகமாக முன்னால் போனது. முன்பு முன்னால் போக எட்டு கியர், பின்னால் போக ரெண்டு. இப்போது பின்னால் போக எட்டு, முன்னால் போக ரெண்டு.

"ரெண்டு இருக்கு. போதும்" என்றாள். "டேங்க மாட்டணும்மா."

"அக்கா, இந்த ரெண்டுலயும் சைக்கிள் வேகம்தான் வரும்."

"அவன்கிட்ட சொல்லும்மா, டேங்க மாட்டச் சொல்லு."

மாட்டினேன். அம்மா பழத்தை மறுபடி வைக்கலாமா என்று கேட்டாள். "வேல முடியட்டும்மா" என்று அக்கா வண்டியை எடுத்துவிட்டாள். நான் ஒரு மட்கார்டில், பொங்கல் குண்டானோடு அம்மா மறு மட்கார்டில்.

சர்வீஸ் ரோட்டில் நாங்கள் போன ஊர்வலத்தை அன்று பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். வழி முழுக்க பீப் பீப் என்று கத்திக்கொண்டே முன்னால் போகும் டிராக்டர். பின்னால் வந்த கம்பெனி வண்டிகள் எல்லாம் நாங்கள் ரிவர்ஸில் வருகிறோம் என்று நினைத்துப் பிரேக் அடித்தன. நான் கையை ஆட்டி, "முன்னாடிதான் போறோம், பயப்படாதீங்க!" என்று கத்திக்கொண்டே போனேன். ஒயரைப் பிடுங்கவா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்னு சொல்லும்மா, சத்தம் கேட்டாதான் ஒதுங்குறானுங்க" என்றாள் அக்கா. ஒரு தாத்தா சைக்கிளில் எங்களை முந்திப் போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

போர்வெல்லில் தண்ணீர் பிடிக்கும் வரிசையில் அந்தப் போட்டிக்காரன் எங்களுக்கு முன்னால் நின்றான். புது டிராக்டர், முன்னால் குஞ்சம், கண்ணில் கூலிங்கிளாஸ். எங்களை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏனம்மா, நீ வர்றியா, போறியா? ஸ்வல்ப சொல்லிடு, நான் எந்தப் பக்கம் ஒதுங்குறது?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா ஒரு கை பொங்கலை எடுத்து என் வாயில் திணித்துவிட்டாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அபார்ட்மென்ட் வாசலில் நின்றோம். செக்ரட்டரி அரைக்கால் டவுசரும் வாக்கிங் ஷூவுமாக நின்றிருந்தார், பேச்சு கோயம்புத்தூர்ப் பக்கம். காம்பவுண்டுச் சுவருக்கும் கார்கள் நிற்கும் வரிசைக்கும் நடுவே ஒரு குறுகின வழி. சரிவாக இறங்கி ஒரு வளைவு வளைந்து, கடைசியில் தண்ணீர்த் தொட்டி. உள்ளே போனால் திருப்ப இடமில்லை. பின்பக்கமாகத்தான் போக வேண்டும்.

"போன மாசம் ஒருத்தன் ரெண்டு காரைத் தேச்சுட்டுப் போய்ட்டானுங்க. அதனாலதான் இந்தப் பரீட்சையே. எதுமேலயும் ஒரு கோடு விழக்கூடாதுங்க" என்றார் செக்ரட்டரி.

கூலிங்கிளாஸ்காரன் முதலில் போனான். அவன் வண்டிக்கு ரிவர்ஸில் மெதுவாகப் போகவே பிடிக்கவில்லை. சரிவில் விட்டதும் டேங்க் ஒரு பக்கம் மடங்கும். உடனே முன்னால் எடுப்பான். மறுபடி விடுவான், மறுபடி மடங்கும். மூன்றாவது தடவை சுவரில் கர்ரென்று ஒரு சத்தம். பால்கனிகளில் இருந்தவர்கள் எல்லாரும் "ஸ்ஸ்" என்றார்கள். கோடு விழுந்துவிட்டது.

அடுத்து அக்கா. அவளுக்கு இப்போது பின்னால் போக எட்டு கியர் இருந்தது. இருப்பதிலேயே சின்னதைப் போட்டாள். எறும்பு கூட அதைவிட வேகமாகப் போகும். பிறகு அந்த நாற்காலியை, நான் நிறுத்த முடியாமல் விட்ட அதே நாற்காலியை, அப்படியே பாதி சுற்றினாள். ஒரு கால் பெடல் பக்கம், ஒரு கை ஸ்டீயரிங்கில், முகம் முழுக்கப் பின்னால். கல் யார்டு டிரைவர் எப்படி உட்கார்ந்திருப்பானோ, ஏறக்குறைய அப்படியே. முன்னால் போகும்போது ஊரைக் கூட்டிய வண்டி, பின்னால் போகும்போது பீப் கூட இல்லாமல் போனது. டேங்க் சரிவில் இறங்கியது, வளைவில் வளைந்தது. கடைசிக் காரின் கண்ணாடிக்கும் டேங்குக்கும் நடுவே என் உள்ளங்கை போகும் அளவுக்குத்தான் இடம். அக்கா ஒரு தடவை கூட முன்னால் எடுக்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, வால்வைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். தண்ணீர் தொட்டிக்குள் விழுகிற சத்தம் மேல் மாடி வரைக்கும் கேட்டது. பால்கனியில் யாரோ விசில் அடித்தார்கள்.

செக்ரட்டரி என் பக்கத்தில் வந்தார். "என்ன தம்பி இது, இந்த மாதிரி கன்ட்ரோல் நான் பார்த்ததே இல்லைங்க. எந்த மாடல்?"

"ஸ்பெஷல் சார். பின்னாடி போறதுக்கே எட்டு கியரு. கடையில கெடைக்காது, நானே செஞ்சது."

"சூப்பருங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

கோடை முழுக்க அக்காவின் டேங்கர்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். வெளியே வந்தபோது கூலிங்கிளாஸ்காரன் காத்திருந்தான். கண்ணாடியைக் கழற்றியிருந்தான்.

"குரு, சீரியஸா கேக்குறேன். அந்தச் சேரு எங்க சிக்குச்சு?"

"முதல்ல வேலைக்குச் சேரணும், அப்புறம் கம்பெனி காலியாகணும்" என்றேன். அவனே சிரித்துவிட்டான். அவனுக்கும் ஒரு கை பொங்கல் கொடுத்தாள் அம்மா.

அபார்ட்மென்ட் தாண்டி, ரோட்டோரம் ஒரு காலி மனையில் அக்கா வண்டியை நிறுத்தினாள். காலை ஒன்பது மணிக்கு அப்புறம் அப்போதுதான் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினாள்.

"டேய், அந்தப் பழம் எங்கடா?"

பாக்கெட்டிலிருந்து நாலையும் எடுத்தேன். "கொஞ்சம் சூடா இருக்குக்கா."

"வையி."

முன்னால் வைக்கப் போனேன்.

"அங்க இல்லடா. காலைல நீ சொன்ன எடத்துல."

நாலு சக்கரங்களுக்கும் பின்னால் நாலு பழம் வைத்தேன். அம்மா கற்பூரம் ஏற்றினாள். அக்கா கும்பிட்டு, ஃபர்ஸ்ட் கியர் போட்டாள். டிராக்டர் பின்னால் நகர்ந்தது. நாலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சப்பென்று நசுங்கின. ஒன்றின் சாறு என் முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. அதனால்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. அக்கா நம்பவில்லை, அது அவள் இஷ்டம்.

கார்மென்ட்ஸ் ஐடி கார்டின் கயிற்றில் இப்போது டிராக்டர் சாவி தொங்குகிறது. போன வாரம், லீவில் இருக்கும்போதே அந்தப் பல்சக்கரத்தைத் திருப்பிப் போட்டு வண்டியைச் சரி செய்து தரட்டுமா என்று நல்ல பிள்ளையாகக் கேட்டேன்.

"ஸ்பேனரோட அந்தப் பக்கம் போன, கைய ஒடச்சிடுவேன்" என்றாள் அக்கா.